குணமானதாகச் சொல்லப்பட்ட கால்

கீமோவின் நான்காவது சுற்று முடிந்த வாரம், கூடத்துத் தரையில் சிவப்புக் கால்தடங்களைப் பார்த்தேன். என்னுடையவைதான். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது எனக்குத் தெரியவே இல்லை.

மார்பில் கட்டி என்று சொன்னபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை. தேனியில் மருத்துவர், கால் இப்படி மரத்துப்போவதை நியூரோபதி (கை, கால் நுனி நரம்புகள் சேதமடைதல்) என்றார். புற்றுக்குக் கொடுக்கும் மருந்து நரம்பையும் தாக்கும், குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் தாக்கும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள், அந்த வழியில் மருந்து இன்னும் வரவில்லை என்று விளக்கினார். பொறுத்திருக்கச் சொன்னார்.

என் நாத்தனாரின் கணவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. போடியில் மூலிகைப் பொடி விற்பவர் அவர். "டாக்டரே குடல்தான்னு சொல்லிட்டாகள்ல தங்கச்சி? குடலக் கழுவிட்டா நரம்பு தானா வந்துரும்" என்று சொல்லி, வீட்டுக்கே வந்து கரைத்துக் கொடுத்தார். திராட்சைப் பந்தலுக்குக் கீழே என்னை நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார்.

அதைக் குடித்ததும் தொடங்கிய வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. செப்சிஸில் (ரத்தத்தில் கிருமி பரவுதல்) கொண்டுபோய் விட்டது. ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய அன்று என் கணவர் செல்போனை நீட்டினார். அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். 'மரத்த கால், எங்கள் பொடியால் குணம்.'

கால் வருகிறதோ இல்லையோ, இந்த ஆளை விடுவதில்லை என்று அந்தக் கட்டிலில் முடிவு செய்தேன். கஞ்சி இறங்காத நாட்களில் அந்த நினைப்புதான் இறங்கியது.

உத்தமபாளையத்தில் ஒரு மண்டபத்தில் அவர் முகாம் போட்டபோது முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில், தலையில் துணி கட்டிய சுருளிப்பட்டிப் பெண் பொடிப் பொட்டலத்தோடு இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, குணமானவள் என்று காட்ட அவரே மேடைக்குக் கூப்பிட்டார். ஏறினேன். செருப்பைக் கழற்றினேன். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து உள்ளங்காலில் குத்தினேன். ரத்தம் வந்தது. என் முகம் மாறவில்லை.

"பாத்துக்கங்க. இவுக குணமாக்குன காலு இதுதான். இவுக பொடியக் குடிச்சுத்தான் ஐசியூவுல கெடந்தேன்."

சுருளிப்பட்டிப் பெண்தான் முதலில் எழுந்து பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

அத்தோடு நான் விடவில்லை. மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுத்தேன்; கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். நாத்தனார் அழுதுகொண்டு வந்து, அவரை மன்னித்துவிடச் சொன்னார்.

"எனக்கு இன்னும் காலு வரல மதினி" என்றேன்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்கள் ஊக்கால் குத்திப் பார்க்காதீர்கள். அந்தப் புண் ஆற வெகுகாலம் ஆனது. ஆனாலும் நான் வருந்தவில்லை.

இப்போது கண்ணால் தரையைப் பார்த்த பிறகுதான் காலை வைக்கிறேன். பெருவிரலில் மட்டும் எறும்பு ஊர்வதுபோல ஏதோ தொடங்கியிருக்கிறது. நேற்று தோட்டத்து வாய்க்காலில் இறங்கினேன். குளிர் உடனே தெரியவில்லை. அது வந்து சேரும்வரை அப்படியே நின்றிருந்தேன்.