மைதானம் யார் பேரில்?

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன பிறகு எல்லாருக்கும் பெரிய பெரிய ஆசைகள் வந்துவிட்டன. கொஞ்ச நாள் முன்பு நாலைந்து பேர் சேர்ந்து, சம்பளத்துக்கு ஆடும் கால்பந்துக் குழு ஒன்றை இங்கே தொடங்கப்போவதாகச் சொல்லி, பழைய ஆட்டக்காரன் என்று என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டல் மாடி. போண்டா, காபி எல்லாம் உண்டு. குழு சொந்தமாக ஸ்டேடியம் கட்டுவதா, இருக்கிற மைதானத்தை வாடகைக்கு எடுப்பதா என்பதுதான் பேச்சு. சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாடகைதான் புத்திசாலித்தனம் என்றான். வரி, வாட்ச்மேன், புல்லுக்குத் தண்ணீர், வருடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும் இடம் என்று அடுக்கினான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"தம்பி, நீ வாடகை மைதானத்துல என்னிக்காவது ஆடியிருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார்."

"அப்ப உக்காரு."

என் மனைவிக்கு இந்த வாய் பிடிக்காது. இந்த வயதில் வாயை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? சொந்தமாகத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஏன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நான் சொல்லும் காலத்தில் இதெல்லாம் தென்னார்க்காடு மாவட்டம். என் வீட்டில் விவசாயம். எனக்கு டிப்ளமா படித்தும் வேலை கிடைக்காத வயது. ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு நான்தான் கேப்டன். சுற்றுவட்டாரத்தில் எங்களைக் கூப்பிடாமல் ஒரு போட்டியும் நடக்காது. ஒருமுறை மலைமேல் வெள்ளிமலைக்கு லாரி பிடித்துப் போய் ஆடி, ஒரு கிடாயை ஜெயித்துவிட்டு வந்தோம். மலை இறங்கும்வரை அது ஒவ்வொருவன் மடியிலும் மாறி மாறி மூத்திரம் பெய்தது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் இருக்கிறது.

குழு ஜெயித்ததற்குப் பாதிக் காரணம் எங்கள் கீப்பர். காலனிப் பையன், கிறிஸ்தவக் குடும்பம். பி.காம். முடித்துவிட்டு ஒரு பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்த்தான். என்னைவிடப் படித்தவன், என்னைவிட வாய் நீளம். மைதானத்தில் என்னை 'கேப்டன், வா, போ' என்பான். ஊர்த் தெருவில் எதிரே வந்தால் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கிப் போவான். அப்போது அதை நான் வினோதமாக நினைத்ததில்லை. காலனியிலிருந்து இன்னும் இரண்டு பேர் ஆடினார்கள். மற்றவர்கள் எல்லாம் ஊர்ப் பையன்கள்.

மைதானம் என் பெரியப்பாவுடையது. மைதானம் என்றால் மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்லுவோம். மாசியில் மல்லாட்டை பிடுங்கினால், ஆடியில் ஏர் பூட்டும்வரை அந்த நிலம் எங்களுக்கு. அதற்கு வாடகை உண்டு, காசாக இல்லை. அறுவடை நாட்களில் குழு மொத்தமும் போய்ச் சம்பளம் இல்லாமல் மல்லாட்டை பிடுங்கிக் கொடுக்க வேண்டும். இடுப்பு கழன்றுவிடும். பெரியப்பாவோ கட்டிலைக் கொண்டுவந்து வரப்பில் போட்டுக்கொண்டு, "ஓடத் தெரியுது இல்ல? குனியத் தெரியாதா?" என்று கத்திக்கொண்டிருப்பார்.

ஒரு வருடம் கோல் கம்பத்துக்கு ஒதியமரத்தைப் பச்சையாக வெட்டி நட்டோம். சும்மா கிடைத்தது, நட்டோம். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் நாலு கம்பமும் துளிர் விட்டிருக்கின்றன! கீப்பர் தன் பக்கத்துக் கம்பத்தின் கிளையில் சட்டையை மாட்டிவிட்டு, "நம்ம கோலு பூ வுட்டா பொண்ணு பாக்கப் போலாம்" என்றான். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா கோடரியோடு வந்தார்.

"இன்னாடா இது? மரம் வச்சி நெலத்த வளச்சிக்கலாம்னு பாக்கறீங்களா?"

எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயம் உண்டு. குத்தகைக்காரன் மரம் வைத்துவிட்டால் பிறகு நிலத்தை விட்டு எழுந்திருக்க மாட்டான் என்பார்கள். ஆட்டம் நடக்கும்போதே நாலு கம்பத்தையும் வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் போனார். ஒரு கோல் கம்பம் துளிர்த்ததற்கே பயப்படும் மனிதர் நிலத்தை எத்தனை நாள் விட்டுவைப்பார்? அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்து வந்தது இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடு முழுக்க மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் இல்லை, பால் இல்லை, பேப்பர் இல்லை. நானும் போய் ரோட்டில் உட்கார்ந்தேன். படித்துவிட்டு வேலை இல்லாமல் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் நான். எங்கள் ஆட்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டது சரிதான். அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் அந்தக் கலவரத்தில் எங்கெங்கோ காலனி வீடுகள் எரிந்தன. அது சரியில்லை, எந்தக் காலத்திலும் சரியில்லை. எங்கள் ஊரில் எதுவும் எரியவில்லை. ஊரும் காலனியும் பேசிக்கொள்வது மட்டும் நின்றுபோனது.

குழு மட்டும் நிற்கவில்லை. ஏரிக்குள் தண்ணீர் வற்றிய இடத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். மாசி வந்ததும் வழக்கம்போல எல்லாரும் பெரியப்பா கொல்லையில் இறங்கி மல்லாட்டை பிடுங்கினோம். கீப்பரும் அந்த இரண்டு பேரும்கூட வந்தார்கள். கடைசிக் கொடி பிடுங்கி, காய் ஆய்ந்து, மூட்டை வண்டி ஏறின பிறகு பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆட்றது ஆடுங்க. காலனிப் பசங்க மட்டும் வாணாம். ஊர்ல நாலு பேரு கேக்கறாங்க."

அதுவரை அவரை நான் 'நீங்க' என்றுதான் சொல்லுவேன். அன்று வாய் தானாக இறங்கிவிட்டது.

"இன்னா பெரிப்பா பேசற நீ? காலையிலயே சொல்றதுக்கு இன்னா? மூட்ட வண்டி ஏற்றவரைக்கும் வாய மூடிக்கினு இருந்த. அவங்க புடுங்கனது மட்டும் உன் வூட்டுக்குப் போலாம், அவங்க வரக்கூடாதா?"

"நெலம் என்னுதுடா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய நிலம்தான். நான் தொண்டை வற்றக் கத்தினாலும் அதுதானே உண்மை? மூன்று பேரை விட்டுவிட்டு ஆடு, இல்லாவிட்டால் ஆடாதே. பத்து வருடமாகச் சேர்த்த குழு அந்த ஒரு வார்த்தையில் உடையப் பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சொன்னால் என்ன, ஆத்திரத்தில் அழுதேன்.

அன்று சாயங்காலமே எல்லாரையும் ஏரிக்கரைக்கு வரச்சொன்னேன். ஏரிக்கு அந்தண்டை பாறையும் சரளையுமாக ஒரு கரம்பு இருந்தது. கொள்ளுகூட முளைக்காது. அதன் சொந்தக்காரர் பெங்களூருக்குக் குடிபோக இருந்தார், வந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்.

"வாங்கிப்புடலாம். இனிமே ஒருத்தன் வாசல்ல நிக்கக்கூடாது. கூலிக்கு மல்லாட்ட புடுங்குவோம், என் சைக்கிள வித்துடறன். சொந்த எடம்னா எவன் கேப்பான்?" என்றேன்.

எல்லாரும் தலையாட்டினார்கள். கீப்பர் மட்டும் புல்லைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க ஸ்கூலு கிரவுண்டு வாடகைக்குக் கெடைக்கும். அத்த எடுக்கலாம்" என்றான்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "உனுக்காகத்தான்டா இவ்ளோ பாடு! நீயே வாடகன்றியே! நாளைக்கு பாதிரியாரு போங்கடான்னு துரத்தினா?"

"துரத்தினா உன்னையும் என்னையும் சேத்துத்தான் துரத்துவாரு. அது போதும் எனுக்கு." பிறகு தலையை நிமிர்த்தி, "சரி, வாங்கற. யார் பேர்ல வாங்குவ?" என்று கேட்டான்.

"கேப்டன் நான்தான? என் பேர்லதான்."

"அப்ப எனுக்கு அதுவும் வாடகதான் கேப்டன். இன்னிக்கு உங்க பெரிப்பா நெலம், நாளைக்கு உன் நெலம். நீ நல்லவன், ஒத்துக்கறன். நெலம் உன்னோட நிக்குமா? உன் புள்ள கைக்குப் போவும். அவன் என் புள்ளய உள்ள வுடுவான்னு இப்ப சொல்லு பாக்கலாம்."

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. பிறக்காத பிள்ளைக்கு நான் எப்படி ஜாமீன் கொடுப்பது? எல்லார் கண்ணும் என் மேல். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என் கோபத்துக்கு ஒரு குணம் உண்டு, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் இன்னும் பெரிதாக எதையாவது சொல்லிவிடுவேன்.

"அப்ப உன் பேர்லயே எழுதறன்டா! இன்னா இப்ப?"

வீம்புக்குச் சொன்னதுதான். மறைக்க என்ன இருக்கிறது? அவன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று நினைத்தேன். அவனோ எழுந்து பேண்டைத் தட்டிக்கொண்டு, "எழுது" என்றான்.

அங்கேயே குழுவில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அதில் ஒருவன் என் சித்தப்பா மகன். "காலனிக்காரன் நெலத்துல நான் ஆடணுமா? உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். என் அப்பா ஒரு படி மேலே போய், என்னோடு பேசுவதையே நிறுத்தினார். அம்மாதான் நடுவில் நின்று, "சோறு துன்னச் சொல்லு அவன" என்று அவர் சொல்வதை எனக்கும், நான் சொல்வதை அவருக்குமாகக் கடத்திக்கொண்டிருந்தாள். இரண்டடி தூரத்துக்கு எதற்கு இந்தத் தபால் வேலை? ஆனாலும் நான் பின்வாங்கவில்லை. எத்தனையோ இரவு வீம்பு இறங்கிப்போய், படுத்துக்கொண்டு யோசித்தேன். யோசிக்க யோசிக்க கீப்பர் கேட்டதுதான் சரி என்று பட்டது. அந்த வருடம் மீதிப் பேர் எல்லாரும் ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கினோம். என் சைக்கிளும் போனது. ரிஜிஸ்தர் ஆபீசில் நிலத்துக்காரர் என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், "யோசிச்சித்தான் செய்றியா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார். யோசித்துத்தான் செய்தேன்.

அந்த இடம் இன்றும் கீப்பர் பேரில்தான் இருக்கிறது. பாறையைப் பெயர்த்து, ஏரி வண்டல் அடித்து, நாங்களே மட்டம் செய்த மைதானம். மாவட்டம் வந்ததிலிருந்து பிளாட் போடுகிற புரோக்கர்கள் அவன் வீட்டுக்கு நடையாக நடக்கிறார்கள். "கேப்டனக் கேளுங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுவான். நான் எப்படிப் பதில் சொல்லுவேன் என்று அவனுக்குத் தெரியும். வாடகைக்கு ஆடியிருந்தால் எங்கள் குழு அந்த மாசியோடு முடிந்திருக்கும். ஓட்டல் மாடியில் இருந்த தம்பி இதைத் தன் லேப்டாப்பில் எந்தக் கட்டத்தில் போடுவான்?

ஆனால் வாங்கின பிறகு நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் சொன்னதில் பாதிதான் உண்மை. பத்திரம் முடிந்த மறுநாள் சாயங்காலம் நான் கொஞ்சம் பிந்திப் போனேன். அவனும் மற்றவர்களும் நடுவில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சரளை ஆரம்பிக்கும் இடத்துக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் எந்தக் கொல்லையிலும் கேட்காமல் இறங்கினவன் நான்.

"இன்னா கேப்டன், அங்கயே நின்னுட்ட?"

"உள்ள வரலாமா?" என்றேன். கேலியாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் கேலியாக வரவில்லை.

"வா. செருப்பக் கழட்டி கையில எடுத்துக்கினு வா."

பந்து நின்றது. காலனியிலிருந்து வரும் யாரும் எங்கள் தெருவை அப்படித்தான் கடக்க வேண்டும், அந்த வருடத்திலும். படித்தவன், வேலையில் இருப்பவன், அவனும் அப்படித்தான் கடந்தான். தினமும் என் வீட்டு வாசல் வழியாக. வேறு எவனாவது அந்த வார்த்தையை என்னிடம் சொல்லியிருந்தால் அந்தச் செருப்பாலேயே அடித்திருப்பேன். கழற்றினேன். கையில் எடுத்துக்கொண்டு அத்தனை பேர் பார்க்க நடுமைதானம்வரை நடந்தேன். வெறுங்காலில் ஆடிப் பழகின எனக்குச் சரளை ஒன்றும் செய்யவில்லை. கண்ணை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

கிட்டே போனதும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"கூசிச்சா?"

"கூசிச்சு."

"நாலு நாள்ல பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் பந்தை என் பக்கம் உதைத்தான்.