வாய்தாவுக்குப் போகாதவர்

பளபளப்பு என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் அவரைக் காட்டுவார்கள். துருவேறிய கைப்பிடி, மங்கிய குழாய், எதைக் கொடுத்தாலும் கழுவித் தேய்த்து, முலாம் தொட்டியில் இறக்கி, முகம் பார்க்கிற மாதிரி திருப்பித் தருவார். பொருள் அடுத்தவருடையது, அவருக்குக் கூலி மட்டும். வரி அலுவலகத்தின் மண்டையில்தான் இது ஏறவில்லை. பட்டறையை விட்டுப் போனதெல்லாம் அவர் விற்ற சரக்கு என்று வரி போட்டு, தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்கள்.

வழக்குப் போட்டார். அதுவரைக்கும் கெட்டிக்காரர்தான். நீதிபதி அவரையே நேரில் வரச் சொன்ன அன்று, கட்டடக்காரர் ஒருவரின் கதவுக் கைப்பிடிகள் தொட்டியில் தொங்கின. மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். பாதியில் விட்டால் முலாம் திட்டுத் திட்டாக நிற்கும்.

"கிளம்புங்க, நேரமாச்சு" என்றாள் மனைவி.

"சொன்ன சொல் என்ன ஆகறது? கோர்ட்டு எங்கயும் ஓடிப் போயிடாது."

கோர்ட்டு ஓடவில்லை, வழக்குத்தான் தள்ளுபடியானது. மறுபடி திறக்க மனுப் போடலாம், கையெழுத்துக்கு வாருங்கள் என்று வக்கீல் ஆள் மேல் ஆள் அனுப்பினார். எந்த முகத்தோடு போவது என்று கூசிக்கொண்டு, இன்றைக்கு வேலை, நாளைக்கு வேலை என்று இவர் நாளைக் கடத்தினார். இங்கேதான் அந்த மனுஷன் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

கெடு தாண்டியது. வரிப் பாக்கிக்காகப் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்டது ஊரார் பொருளும்தான். "உன்னை நம்பிக் கொடுத்தேனேய்யா!" என்று நடுத்தெருவில் கத்தியவர், மறுபடியும் சரக்குக் கொடுத்திருந்த அதே கட்டடக்காரர். வாக்குத் தவறாத மனிதர் சந்து வழியாக வீட்டுக்கு நழுவினார்.

பக்கத்துத் தெரு முலாம்காரருக்கும் இதே வரிதான் வந்திருந்தது. அவர் விடாமல் கோர்ட்டுக்கு நடந்தார், ஜெயித்தார். "அப்போ எங்களுக்கும் திறந்துடுவாங்கதானே?" என்று மனைவி வக்கீலிடம் ஓடினாள். "அவர் கேஸ் உயிரோட இருந்துச்சும்மா. உங்களுது முடிஞ்சுபோச்சு."

இப்போது பளபளப்பு அந்த முலாம்காரரிடமே கூலிக்குப் போகிறார். ஒருநாள் மெல்லக் கேட்டார்.

"ஜட்ஜ் உன்னை என்ன கேட்டார் தம்பி?"

"பெருசா ஒண்ணுமில்லண்ணே. பொருள் யாருதுன்னார். குடுத்தவங்களுதுங்க ஐயான்னேன். போகச் சொல்லிட்டார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வேலைக்காரர்கள் எல்லாரும் பார்க்க, அவர் வாய்விட்டு அழுதார்.