கெட்டில் தண்ணீரின் பாவம்

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி ஊரில், எங்கள் தெருவில் தனியாக வாழும் டோரீனுக்கு எழுபத்தொன்பது வயது. அவரைத் தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போக மகன் கிளைவ் வெகுநாளாகச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தான். ஜனவரிப் பனி அதைக் கொடுத்தது. வீட்டைச் சூடாக்கும் சமையலறை பாய்லர் குடகுடவென்று கொப்பளித்து நின்றுபோனது.

"பாத்தியாம்மா? பாய்லர் செத்துப்போச்சு. இனிமே தனியா உன்னால முடியாது. கெளம்பு."

"யாரு செத்ததுன்னு பாக்கலாம், இருடா."

டோரீன் கெட்டிலைப் போட்டார். தேநீர் வருகிறது என்று கிளைவ் பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். அம்மாவோ வெந்நீரில் பச்சைத்தண்ணீர் கலந்து, அதோடு பின்வாசலுக்குப் போனார். பாய்லரின் கழிவுநீர் வெளியேறும் பிளாஸ்டிக் குழாய் அங்கே உள்ளே பனிக்கட்டி அடைத்து உறைந்துகிடந்தது; பாய்லர் நின்றதே அதனால்தான். அதன்மேல் மெல்ல ஊற்றினார். கெட்டில் தண்ணீரைத் தேநீருக்கன்றி வேறெதற்கும் செலவிடும் பாவத்தை எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை.

"அம்மா, வழுக்கி விழுந்து வைக்காத!"

"வாயடிக்காம உள்ள போய் ரீசெட் பட்டன அமுக்கு."

அமுக்கினான். பாய்லர் உறுமியது. சற்று நேரத்தில் அறைச் சுவர்களில் இருந்த ரேடியேட்டர்கள் சுட்டன.

கிளைவ் கையில் பிஸ்கட்டோடு நின்றான். "சரி... டீ?"

"கெட்டில் அங்கதான் இருக்கு. எனக்கும் சேத்துப் போடு. குடிச்சிட்டு நீ உன் வீட்டுக்குக் கெளம்பு."