கண்ணில் ஒற்றிக்கொண்ட அரம்

என் அக்காள் புருஷனுக்கு நாகப்பன் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நிஜப் பெயரைப் போட்டால் அவர் வேலைக்கு உலை வைத்த பாவம் என்னைச் சேரும். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டர். நான் அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்ஸின் டிரைவர். மண்ணூரில் ஒரே காம்பவுண்டில் இருக்கிறோம், அவர்கள் கீழே, நான் மாடியில். மாமா தும்மினால் எனக்குக் கேட்கும்.

அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவர் களைத்துப்போன மனிதர். சிலருக்குக் கோபம் சுபாவம், சிலருக்குப் பேச்சு சுபாவம், மாமாவுக்குக் களைப்பு. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் வண்டி கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள் கண் மூடிவிடும். எங்கள் தெருமுனை வந்தால் யாரும் எழுப்பாமலே இறங்குவார். கோயில், குளம், கட்சி, கிரிக்கெட் எதற்கும் போகிற ஆள் இல்லை. அதற்கெல்லாம் உடம்பில் மிச்சம் இருக்க வேண்டும்.

இருந்தும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சும்மா இருக்கமாட்டார். வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. மேலே ஷீட் போட்டு, ஒரு வேப்பங்கட்டையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸை இறுக்கி, அதைப் பட்டறை என்று சொல்லிக்கொள்வார். சுற்றுவட்டார ஷெட்டுகளில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற சின்னச் சின்ன இரும்பு அச்சுகள் அங்கே வரும். அதன் முகத்தை அரத்தால் தேய்த்து நயம் செய்து கொடுப்பார். கம்பெனியில் தேய்ப்பது போதாதா என்று அக்கா கத்துவாள். இந்தக் கம்பெனி அவரை வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற ஆளாகத்தான் வைத்திருக்கிறது, என்றைக்கு வேண்டாம் என்று சொல்வார்களோ தெரியாது, கையில் இன்னொரு தொழில் இருக்கட்டும் என்பார்.

அந்தப் பட்டறையில் எல்லா அரமும் ஒரு பழைய பெயின்ட் பக்கெட்டில்தான் கிடக்கும். தட்டை, அரைவட்டம், உருண்டை, முக்கோணம் என்று எல்லாம் சந்தைக்கு வந்த கோழிகளைப் போல நெருக்கிக்கொண்டு நிற்கும். அரத்தோடு அரம் உரசினால் பல் மழுங்கும் என்று அவருக்குத் தெரியாதா? டூல் ரூமில் எவனாவது இப்படிப் போட்டால் முறைப்பார். உபதேசம் ஊருக்குத்தான், வீட்டுக்கு இல்லை. ஆனால் பக்கெட்டைப் பார்க்காமலே கையை விட்டு, ஒன்றை உருவி, பல்லின் குறுக்கே கட்டைவிரலை ஒரு தரம் ஓட்டுவார். வேண்டாம் என்றால் திரும்பப் போடுவார். இரண்டாவதோ மூன்றாவதோ சரியாக இருக்கும். அச்சின் முகத்தைக் கடைசியாக மழுமழுப்பாக்க நன்றாக ஓடித் தேய்ந்த அரம்தான் வேண்டுமாம். அதே அளவில் புது அரத்தை எடுத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் இரும்பைக் கடித்துவிடும். அதைச் சொல்வது விரல்தான்.

போன வருஷம் மழை விட்டபிறகு ஒரு ஞாயிறு, யாரும் சொல்லாமலே அந்தப் பக்கெட்டைக் காலி செய்தார். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பிவிசி பைப்பைத் துண்டு துண்டாக அறுத்து, ஒரு பலகையில் சாய்வாகப் பொருத்தி, சுவரில் அடித்தார். ஒரு அரத்துக்கு ஒரு துளை. இடது கோடியில் முரட்டு அரம், வலப்பக்கம் போகப் போக நைசு, வலது கோடியில் அந்தத் தேய்ந்த கிழவன். அலுமினியத்துக்கு என்று வைத்திருந்தவை கீழ் வரிசையில் தனியாக. பல்லில் சிக்குகிற தூளைத் தட்ட ஒயர் பிரஷ் ஓர் ஆணியில், தூள் ஒட்டாமல் பல்லுக்குப் பூச சாக்பீஸ் ஒரு டப்பாவில்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினாள். இந்த மனுஷனுக்கு இந்த வயசிலாவது புத்தி வந்ததே என்றாள். யாரும் தொடக் கூடாது, இடம் மாற்றக் கூடாது என்று மாமா கறாராகச் சொன்னபோது, புது மாப்பிள்ளை முறுக்கு என்று சிரித்தோம். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து ஒற்றைச் செருப்போடு இறங்கி வீடு வரைக்கும் நடந்து போனார். மற்றதை நான் சீட்டுக்கடியில் கண்டெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கொதிக்கிற காபி டம்ளரை அவர் வெறும் கையில் பிடித்துக்கொண்டு நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் லீவுக்கு முந்தின நாளே பூஜை போட்டுவிடுவார்கள். மெஷினெல்லாம் துடைத்து, டூல் பாக்ஸெல்லாம் காலி செய்து கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து அனுப்புவார்கள். என் பஸ்ஸுக்கும் ஒரு பூசணிக்காய் உடைத்தார்கள். மாமா அன்றைக்கு ஓ.டி. பார்த்துவிட்டு வந்து படுத்தவர் மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் அக்கா பட்டறைக்குள் போனாள்.

அவள் செய்ததில் ஒரு குற்றமும் கிடையாது. வேலைச் சாமானுக்குப் பூஜை போடாத வீடு இந்தப் பக்கம் உண்டா? எல்லா அரத்தையும் துளையிலிருந்து உருவினாள். குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தாள். வெயிலில் காயவைத்து, பழைய புடவைத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு துளைகளில் அழகாகத் திரும்பச் செருகினாள். உயரமானது ஒரு பக்கம், குட்டையானது ஒரு பக்கம், பார்க்க ஸ்கூல் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி.

பூஜை நாளில் சாமானைத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி, நல்ல நாள், கை வைத்தால் காரியம் விளங்கும் என்பார்கள். ஒரு ஷெட்டுக்காரரின் அச்சு வைஸில் முடிகிற நிலையில் இருந்தது. காலையில் மாமா பட்டறைக்குப் போனார், வலது கோடித் துளையில் கையை விட்டார், எடுத்தார், இழுத்தார். சத்தம் வேறுமாதிரி கேட்டதுமே நிறுத்திவிட்டார். அதற்குள் அச்சின் கண்ணாடி போன்ற முகத்தில் குறுக்கே ஒரு கீறல் விழுந்திருந்தது.

நான் மாடிப்படியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பங்கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா காபியோடு வந்து, கீறலையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"இன்னாயா இது? வெரல் வெச்சுப் பாக்காமயா இழுத்த? எப்பவும் பாப்பியே."

"பாத்தேன்" என்றார் மாமா. "வெரல்ல ஒண்ணும் தெரில செல்லம்மா. ரொம்ப நாளா தெரில."

பிறகு மெதுவாக, மற்றவர் கதையைச் சொல்வதுபோல் சொன்னார். முதலில் காலில் உணர்ச்சி போனது. பிறகு விரல் நுனிகள். டாக்டரிடம் காட்டியிருக்கிறார். சர்க்கரை ஒரு பக்கம், முப்பது வருஷம் அதிர்கிற கிரைண்டர் மெஷினைப் பிடித்தது ஒரு பக்கம், போனது போனதுதான், மேலே ஏறாமல் பார்த்துக்கொள் என்றாராம். அதனால்தான் பைப் அறுத்துத் துளை அடித்தது. விரலுக்குத் தெரியாததை இடம் சொல்லட்டும் என்று. கம்பெனியிலும் தன் டூல் பாக்ஸை அதே வரிசையில் வைத்துத்தான் இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறார். இது தெரிந்தால் அடுத்த முறை புதுப்பிக்கமாட்டார்கள்.

"அந்த பாக்ஸையும் பசங்க களுவி கலைச்சுட்டானுங்க" என்றார். "நாளைக்குப் பகல் ஷிப்ட்."

எனக்குக் கோபம் வந்தது. அடையாளமாகப் பிடியில் ஒரு பெயின்ட் பொட்டு வைத்துக்கொண்டால் என்ன என்று மேலிருந்தே கேட்டேன். பொட்டு பார்த்து அரம் எடுக்கிற ஃபிட்டரை எவன் வேலைக்கு வைப்பான் என்றார்.

அக்கா அவர் கையிலிருந்த அரத்தை வாங்கினாள். நான் பார்த்துச் சொல்கிறேன் என்று கட்டைவிரலைப் பல்லில் ஓட்டினாள். இன்னொன்றை எடுத்து ஓட்டினாள். திரும்ப முதலாவதை. அவள் முகம் மாறிப்போனது. அவள் சுங்குவார்சத்திரத்தில் வெளியூர்ப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் சமையல்காரி. இட்லிப் பானையையும் சாம்பார் அண்டாவையும் கரித்துணி இல்லாமல் இறக்கி இறக்கிப் பழகியவள். அதை ஒரு சாமர்த்தியம் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

"எனக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்றாள்.

இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் மாடிப்படியை விட்டு இறங்கவில்லை. நான் போய் என் விரலைக் காட்டியிருக்கலாம். என் விரல் நாளைக்கு டூல் ரூமுக்குள் போகுமா?

கொஞ்ச நேரம் கழித்து அக்கா அரத்தை எடுத்து உள்மணிக்கட்டில் வைத்து லேசாக இழுத்தாள். பிறகு கன்னத்தில், கண்ணுக்குக் கீழே. அடுத்ததை எடுத்து அதே இடத்தில். "இது புடிக்குது. இது வழுக்கினு போவுது" என்றாள். மாமா நம்பவில்லை. வாங்கித் தன் கன்னத்து எலும்பு மேல் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை வைத்தார். அங்கே உணர்ச்சி இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அவர்கள் அரம் அடுக்கினார்கள். சந்தனம் காய்ந்து அடைத்திருந்த பல்லை மாமா ஒயர் பிரஷ்ஷால் தட்டிக் கொடுப்பார், அக்கா கன்னத்தில் வைத்து இடம் சொல்வாள், அவர் தன் கன்னத்தில் வைத்துச் சரிபார்த்துத் துளையில் போடுவார். ஒரு தடவை இரண்டு பேருக்கும் தகராறு வந்தது. அக்கா சொன்னதுதான் சரி. கீறல் விழுந்த அச்சை அவர் அப்புறம் எண்ணெய்க் கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அதற்கு அன்றைய லீவு முழுக்கப் போனது. சாப்பிடும்போது அவரால் கையைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் பஸ்ஸில் மாமா தூங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். சாயங்காலம் அவர்களை ஏற்ற மறுபடி போனேன். கேட்டில் அவரை மூட்டை முடிச்சோடு அனுப்பி வைத்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஷிப்ட் விட்டதும் எல்லோரோடும் அவரும் வந்து ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார், கண் மூடியது.

என் பின்சீட்டில் இசக்கிபாண்டி வந்து உட்கார்ந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், டூல் ரூமில் புதிதாகச் சேர்ந்தவன், வாய் ஓயாது.

"டிரைவரண்ணே, ஒங்க மாமாவுக்கு இம்புட்டு பக்தி உண்டுன்னு சொல்லவே இல்லியே. இன்னைக்கு ஒவ்வொரு அரத்தையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டுல்லா வேலைய ஆரம்பிச்சாவ. எங்களுக்குப் புல்லரிச்சிட்டு."

நான் கியரை மாற்றினேன். அவன் விடவில்லை. சூப்பர்வைசர் அதை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டாராம். தொழிலை இப்படி மதிக்க வேண்டும், இனிமேல் டூல் ரூமில் எல்லோரும் தினமும் சாமானைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஷிப்ட் தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பஸ்ஸில் இரண்டு மூன்று பேர் திரும்பி மாமாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிள்ளையார் கோயில் திருநீறுகூட வாங்காத மனுஷன், வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஹாஸ்டலுக்கு லீவு சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, கடைசியில் அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா செருப்பைக் குனிந்து பார்த்து, இரண்டும் காலில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு படியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். விளக்கு வெளிச்சத்தில் அவர் கன்னத்து எலும்பின் மேல் மெல்லிய சிவப்புக் கோடுகள் தெரிந்தன.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கோடுகளைப் பார்த்தாள்.

"இந்தக் கன்னமும் மரத்துப் போச்சுன்னா இன்னாயா பண்ணுவ?"

"அப்ப உன்னிய டூல் பாக்ஸ்ல வெச்சு எடுத்துக்கினு போறேன்" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமலே.

அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். கொடுப்பதற்கு முன்னால் டம்ளரைச் சாய்த்து ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள், கைப்பிள்ளைக்குப் பால் புகட்டும்போது பார்ப்பதுபோல. கொஞ்சம் ஆற்றினாள். இன்னொரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் அவர் கையில் கொடுத்தாள்.