எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்த கோடை

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. கடைசி மாதங்களில் மூச்சுக்குத் திணறியவர், ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே அடங்கினார். அழுதோம், இனி அவருக்கு இருமல் இல்லை என்ற நிம்மதியோடுதான் அழுதோம். தங்கையாகிய நான் அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கலவை என்ற ஊரில். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை கிடைத்ததால் ஆம்பூரில் வளர்ந்தோம். படிப்பைப் பாதியில் விட்டுப் போரிங் போடும் குழுவில் சேர்ந்தார். இரும்புக் குழாய் வழியே பூமிக்குள்ளிருந்து வரும் மண்ணையும் கல்லையும் மரப்பெட்டியில் ஆழத்தின் வரிசைப்படி அடுக்கி, நிறமும் பருமனும் பார்த்து எழுதிவைப்பது அவர் வேலை. களிமண்ணில் மணல் கலந்திருக்கிறதா என்று பல்லில் கடித்தும் பார்ப்பார். அண்ணி முகம் சுளிப்பார்.

தோல் ஷாப்புக் கழிவுநீர் இறங்கித் தெருக்கிணறு கெட்டுப்போன கோடையில், அந்தக் குழு எங்கள் தெருவுக்கே வந்தது. முதல் குழியில் உப்புத் தண்ணீர். தெருப் பெரியவர் ஒருவர் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாப்பா, நல்ல தண்ணின்னு எழுதேன். மெஷின் போய்ட்டா திரும்ப வராது."

"எழுதினா உப்பு போய்டுமா பெரிப்பா? புள்ளைங்க குடிக்கிறது."

நிறைமாதக் கர்ப்பிணியான அண்ணி பாலாற்று ஊற்றுக்குக் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார். அன்று அண்ணன் சாப்பிடவில்லை.

இரண்டாவது குழியில் வெறும் பாறை. குழுவின் இன்ஜினியர் நிறுத்தச் சொல்லிவிட்டார். கருவிகளை ஏற்ற மாட்டுவண்டி வந்து நின்றது. கடைசியாக மேலே வந்த பாறைத்துண்டை அண்ணன் கழுவினார். குறுக்கே ஒரு வெடிப்பு. அதன் உட்புறமெல்லாம் துரு நிறம். அதை ஏந்திக்கொண்டு ஓடினார்.

"ஐயா, இதுல தண்ணி நடமாடியிருக்கு, பாருங்க."

"நிச்சயமா சொல்றியா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாதுங்க. இன்னும் கொஞ்சம் இறக்கிப் பாக்கலாம்."

இன்ஜினியர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொன்னார்.

மறுநாள் மாலை குழாயில் தண்ணீர் ஏறியது. கலங்கல் தெளியும்வரை இறைத்தார்கள். அண்ணன் ஒரு வாய் குடித்தார். தெருவே அவர் முகத்தைப் பார்த்தது.

"உப்பு இல்ல" என்றவர், அங்கேயே உட்கார்ந்து தேம்பினார். பக்கத்து வீட்டு பாய் அவரைத் தூக்கி நிறுத்தினார்.

"அழுவுற நேரமா தோஸ்த்? போய் வீட்ல சொல்லு!"

அந்த வாரமே அண்ணிக்குச் சுகப்பிரசவம். குழந்தையை முதன்முதலாகக் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான்.

அண்ணனின் நோயில் துணைநின்ற வேலூர் டாக்டருக்கும், நினைத்த நேரத்தில் ஜட்கா வண்டி பிடித்து வந்த பக்கத்து வீட்டு பாய்க்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்தன்று கல்லறைக் குழியை அண்ணனின் குழுவினரே வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் ஒருவர் அண்ணியிடம் வந்து, "நல்ல மணல்மண்ணுங்க அண்ணி, ஈரமே இல்ல" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணி ஒரு வாய் கஞ்சி குடித்தார்.