ராயப்பன் விடுதிக்கு வாசித்த ஓலை

எட்வின் சாமியாருக்கு மூக்கின் மேல் கோபம் என்று பங்கு மக்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது பிறவிக் கோபமல்ல. குருமடத்திலிருந்து புதிதாக வந்தபோது சத்தம் போட்டுப் பேசவே கூசியவர் அவர். பெரியவர் சூசைமாணிக்கம் சாமியாரிடம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட சொத்து அது.

புதிதாகத் திறக்கும் பனியன் கம்பெனிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் பெரியவர் போகும் விதமே தனி. முதலாளி நீட்டும் மாலையைக் கூட வாங்காமல் நேராகப் பெண்கள் விடுதிக்குப் போவார். உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தச் சொல்வார். உள்ளிருந்து தானே திறந்துகொண்டு வர முடிந்தால்தான் தீர்த்தச் செம்பைத் தொடுவார். இல்லையென்றால் வண்டியைத் திருப்பிவிடுவார். வெளியூரிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து, பாதுகாப்பு என்று சொல்லி, ஆட்டுப்பட்டி மாதிரி வெளியே பூட்டிவைக்கிற அயோக்கியத்தனம் அவருக்கு ஆகாது. இதைச் சொல்கிற எனக்கும் ஆகாது.

ஒருமுறை எட்வின் அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்தார். கம்பெனியில் ஒரு பிள்ளையை மிரட்டிய சூப்பர்வைசரைக் கொன்றுபோடும் அளவுக்குக் கோபம் வந்தது என்று சொல்லி அழுதார்.

"அவன் அந்தப் புள்ளைய அறைஞ்சானா?"

"ஆமாங்க சாமி."

"அப்புறம் இதுல பாவம் எங்க கண்ணு இருக்குது? மத்ததுக்கெல்லாம் மன்னிப்புத் தாரேன். இதை நீயே வெச்சுக்கோ. வேணும்."

பெரியவர் போய்ச் சேர்ந்தார். எட்வின் பங்குத்தந்தையானார். அடுத்த வருடம் ராயப்பன் அழைப்பிதழோடு வந்தார். தெற்கேயிருந்து, தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்கு வந்து, இன்று மூன்று யூனிட்டுக்கு முதலாளியாகவும் பங்குப்பேரவைத் துணைத்தலைவராகவும் இருக்கிறவர். அழைப்பிதழைப் பார்த்ததும் எட்வினுக்குக் காது சிவந்தது. 'அருட்தந்தை சூசைமாணிக்கம் நினைவு மகளிர் விடுதி' என்றிருந்தது. கத்தோலிக்க முதலாளிகளில் இந்த ராயப்பனின் கம்பெனியை மட்டும்தான் பெரியவர் கடைசிவரை மந்திரிக்க மறுத்தார். செத்தவர் எழுந்துவந்து கதவைச் சாத்திப் பார்க்கவா போகிறார் என்ற தைரியம்தான்!

எட்வின் போனார். வாசலில் பெரியவரின் படம், மேலே பளபளக்கும் பெயர்ப்பலகை. அவர் உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தச் சொன்னார். மேனேஜர் சிரித்துக்கொண்டே சாத்தினார். வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே பிடித்து இழுக்க ஒரு கைப்பிடி கூட இல்லை. எட்வின் தட்டினார், இழுத்தார், கடைசியில் காலால் உதைத்தார்.

திறந்தபோது வேர்த்து வழிந்தது அவருக்கு.

"பொம்பளப் புள்ளைக சாமி," என்றார் ராயப்பன். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவங்க அப்பன் ஆத்தாளுக்கு நாந்தானே பதில் சொல்லணும்?"

"தீப்புடிச்சா யாருங்க பதில் சொல்றது? தாழ்ப்பாளை எடுங்க. இல்லீன்னா அவர் பேரை எடுங்க."

மறுநாளே பெயரை எடுத்துவிட்டார் ராயப்பன். படத்தையும் கழற்றிக் கோயிலுக்கு அனுப்பிவைத்தார். தாழ்ப்பாள் இருந்த இடத்திலேயே இருந்தது. எட்வினுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெரியவரின் பெயரைக் காப்பாற்றிவிட்டு, பிள்ளைகளை உள்ளேயே விட்டுவிட்டு வந்தோமே என்று தன் மீதே ஆத்திரம் பொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசிக்கும் நேரம் வந்தது. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கம்போல் வாசித்தார். பிறகு தாளைக் கீழே வைத்தார்.

"இன்னொரு ஓலை. நம்ம பங்கைச் சேர்ந்த ராயப்பன் அவர்களுடைய பெண்கள் விடுதி வெளியிலிருந்து பூட்டப்படுகிறது. அதைப் பற்றி அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்."

முன்வரிசையில் ராயப்பனின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் கொடுத்த கொடிமரம் கோயில் வாசலிலேயே நிற்கும்போது அவருக்கு எதிராக யார் வாயைத் திறப்பார்கள்?

பின்வரிசையில், விடுதி வார்டன் அம்மாவின் பக்கத்தில், அவர் பூசைக்கு அழைத்துவந்திருந்த பெண்களில் ஒருத்தி எழுந்தாள். வார்டன் அவள் தாவணியைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

"எனக்குத் தெரியும் சாமி. நஞ்சம்மாளுக்கு வலிப்பு வந்தப்போ கதவைத் தட்டித் தட்டி எங்க கையெல்லாம் வீங்கிப்போச்சு. யாருமே தொறக்கல."

அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு வரிசை முழுவதும் எழுந்து நின்றது.

பூசை முடிந்ததும் எட்வின் அங்கியைக் கூடக் கழற்றவில்லை. கல்லறைத் தோட்ட வேலைக்கு வைத்திருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகளோடு நடந்தார். பாதிக் கோயில் பின்னாலேயே போனது. ராயப்பன் காரில் முந்திப் போய் விடுதி வாசலில் நின்றார்.

"இது என் கதவு சாமி. கையை வெச்சீங்கன்னா போலீசக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. கதவு உங்களுதுதானுங்க. அது எனக்கு வேண்டாம்."

நான்கே நெம்பில் தாழ்ப்பாள் ஆணிகளோடு பெயர்ந்து வந்தது. எட்வின் அதை ராயப்பனின் கையில் வைத்தார்.

"போலீஸ் வந்தா இதைக் காட்டுங்க. எதுக்கு வெச்சிருந்தீங்கன்னும் நீங்களே சொல்லிருங்க."