ஊர் பஸ்ஸும் என் மனுவும்

எங்கள் ஊர் வழியாக வாலாஜாபாத் போகும் டவுன் பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. கம்பெனியில் லைன் லீடர் என்பதால் ஊருக்கும் நானே தலைவன் என்று ஒரு நினைப்பு. 'இந்த பஸ் எங்கள் உயிர்மூச்சு' என்று மனு எழுதி, எங்கள் ஊர் ஷிப்ட் ஆட்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். கம்பெனி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் பழக்கதோஷத்தில் பாதிப்பேர் பக்கத்தில் நேரத்தையும் போட்டுவிட்டார்கள்.

கோஷம் போட்டுக்கொண்டே இருபது பேர் டிப்போவில் போய் இறங்கினோம். மேனேஜர் மனுவைப் படித்துவிட்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். எங்களை இறக்கிவிட்ட கம்பெனி பஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஷிப்டுக்குப் போகிற வழியில் டிரைவரைக் கெஞ்சி அங்கே நிறுத்தியிருந்தோம்.

"உங்க ஊருக்குக் காலைல பஸ் எத்தினி மணிக்கு சார் வருது?" என்று கேட்டார்.

நான் பின்னால் திரும்பினேன். பின்னால் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு மாசம் பாக்கறேன். ஆள் ஏறினா ஓடும்" என்று மனுவை மடித்து வைத்தார்.

மறுநாள் வீம்புக்கு அந்த பஸ்ஸில் ஏறினேன். கீரைக்கட்டோடு வந்த பெண்கள் கண்டக்டரிடம் வீட்டுக்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பல வருடமாக இதே பஸ்ஸில் வருகிறவர் அவர். எனக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபடி அன்பாக விசாரித்தார்.

"ஊருக்குப் புதுசா தம்பி? ரூம் எடுத்துத் தங்கிக்கினு கீறியா?"

"ஆமாண்ணே" என்றேன்.